வீட்டுக்குத் திரும்பும்வரை

2024 மே மாதம் நாகப்பட்டினத்திலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் 12 பேரை ஜப்பானுக்கு அழைத்துச் சென்ற இரண்டு ஆசிரியர்களில் நான் ஒருத்தி. அறிவியல் பரிமாற்றத் திட்டம், ஒன்பது நாள், ஒசாகாவில் தங்கல். ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்டது புல்லட் ரயிலைப் பற்றி. எனக்கோ கோபே நகரில் கழித்த ஒரு பகலும், வீடு திரும்ப ஆன 36 மணி நேரமும்தான் மனத்தில் நிற்கின்றன.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். ஒசாகாவின் குரோமோன் சந்தையில் நுழைந்ததும் அவர்கள் நடையே மாறிவிட்டது. நம்பியார் நகர் மாணவன் ஒரு கடைமுன் குனிந்து, கானாங்கெளுத்தியின் கண்ணையும் செவுளையும் பார்த்துவிட்டு, "இது நேற்றைய மீன் இல்லை டீச்சர், இன்று காலையில் வந்தது" என்றான். கடைக்காரருக்கு மொழி புரியவில்லை. பார்த்த விதம் புரிந்திருக்க வேண்டும். ஐஸுக்கு அடியிலிருந்து சூரை ஒன்றை இழுத்து அவனிடம் காட்டினார். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாய் திறக்காதவன் அவன்.

கோபேயில் நிலநடுக்க நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1995 ஜனவரி 17, காலை 5.46 மணிக்கு அந்த நகரம் குலுங்கியது. 6,434 பேர் இறந்தார்கள். கனமான ஓட்டுக்கூரை போட்ட பழைய மர வீடுகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டன. அங்கே, அன்று உயிர் தப்பியவர்களே தன்னார்வலர்களாக வந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள். எங்களுக்குச் சொன்னவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். நான்கு மணி நேரம் உத்தரத்துக்கு அடியில் கிடந்தவரை அக்கம்பக்கத்தார் கார் ஜாக்கியால் மரத்தைத் தூக்கி வெளியே எடுத்திருக்கிறார்கள். எந்தப் படையும் அதுவரை வந்து சேரவில்லை. இதைச் சொல்லும்போது ஜாக்கியைச் சுற்றுவதுபோல் கையைச் சுற்றிக்காட்டினார். பிள்ளைகள் மூச்சுக்கூட விடவில்லை.

நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2004 டிசம்பர் 26-ஐ அவருக்குத் தெரிந்திருந்தது. அது நடந்து மூன்றே வாரத்தில், பேரிடர்க் குறைப்புக்கான ஐ.நா. உலக மாநாடு கோபேயில்தான் கூடியது. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை மையம் வேண்டும் என்ற பேச்சு அங்கே பெரிதாக எழுந்தது. "உங்கள் ஊரில் அதை என்னவென்று சொல்வீர்கள்?" என்று அவர் கேட்டார்.

கீச்சாங்குப்பத்து மாணவி எழுந்து, "சுனாமி" என்றாள்.

அது ஜப்பானியச் சொல்லாயிற்றே, உங்கள் மொழியில் என்ன என்று மறுபடி கேட்டார்.

"சுனாமிதான் ஐயா. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் அதற்குப் பேரே கிடையாது. எங்கள் பெரியம்மா அதில்தான் போனார்கள். பேர் தெரியாமலேயே போய்விட்டார்கள்."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லி முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. பெரியவர் ஒரு தாளில் இரண்டு எழுத்துகளை எழுதிக் காட்டினார். 'சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் 'பட்டினம்' என்பதும் துறைமுக நகரம்தான் என்று நான் சொன்னேன். அவர் எழுந்து நின்று, பதினாறு வயதுப் பெண்ணுக்கு இடுப்பு வளையத் தலை வணங்கினார். இவள் கைகூப்பிக்கொண்டு அப்படியே நின்றாள். 2004-இல் இவர்களில் ஒருவர்கூடப் பிறந்திருக்கவில்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மாவட்டத்தின் பிள்ளைகள் அதைக் கதையாகத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அன்று அந்த அறையில்தான் இவள் தன் பெரியம்மாவைப் பற்றி எங்கள் முன் முதல்முறையாகப் பேசினாள்.

மாலையில் மெரிகென் பூங்காவுக்குப் போனோம். அங்கே உடைந்த துறைமுகக் கரையில் ஒரு பகுதியைச் சரிசெய்யாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். கான்கிரீட் பாளங்கள் பிளந்து தண்ணீருக்குள் சரிந்திருக்கின்றன, விளக்குக் கம்பங்கள் சாய்ந்தபடி நிற்கின்றன. நாகையிலும் இப்படி ஓர் இடத்தை விட்டு வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள், பிரியாவிடையில் அந்த ஊர்ப் பள்ளி மாணவர்கள் எங்களுக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். ஜப்பானியப் பள்ளிச் சுற்றுலா எதுவானாலும் 'ஷியோரி' என்ற சிறு புத்தகம் உண்டு. ரயில் நேரம், அறை எண், எடுத்துப்போக வேண்டிய பொருள்கள் எல்லாம் அதில் இருக்கும். எங்களுக்குக் கொடுத்தது திரும்பும் பயணத்துக்காகவே கையால் எழுதியது. கடைசிப் பக்கத்தில் 14 கட்டங்கள், தலைப்பு 'வீடு சேர்ந்த நேரம்'. அந்தப் பள்ளியின் ஆசிரியை, அவர்கள் நாட்டில் ஆசிரியர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வாசகத்தைச் சொன்னார்: "இயே நி காயேரு மாதே கா என்சோகு." மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் பிரித்துக் காட்டினார். இயே நி, வீட்டுக்கு. காயேரு, திரும்பும். மாதே, வரை. என்சோகு, சுற்றுலா. சொற்களின் வரிசை அப்படியே தமிழ்! பிள்ளைகளுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. விமான நிலையம்வரை ரயிலில் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

காலை ஆறு மணிக்குத் தங்குமிடத்தை விட்டுக் கிளம்பினோம். கடலைத் தூர்த்துச் செய்த தீவின்மேல் இருக்கிறது கன்சாய் விமான நிலையம். கோலாலம்பூர்வரை ஆறரை மணி நேரம். நடுவில் இரண்டு பேருக்கு வாந்தி. எங்கள் பி.டி. சார் பையைப் பிடித்தபடி ஒருவன் பக்கத்தில் முக்கால் மணி நேரம் குந்தியிருந்தார். அதன்பின் தன் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

கோலாலம்பூரில் மாலை நாலரை. இரவு ஒன்பதரைக்குத் திருச்சி விமானம். அது முதலில் பதினொன்றரை ஆனது, பிறகு இரண்டு மணி ஆனது, கடைசியில் காலை ஏழரை என்றார்கள். ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் பிள்ளைகளை அப்போதே படுக்க வைத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் மூட்டையைக் கட்டி வரிசையில் நிற்க வைத்து, மறுபடி உட்கார வைத்தேன். 14 பேருக்கும் ஆளுக்கொரு பன்னும் பழச்சாறும் கொடுத்தார்கள். கையில் இருந்த யென் அங்கே செல்லவில்லை. பணம் மாற்றுகிற இடத்தைத் தேடி பி.டி. சார் போனார்.

நள்ளிரவுக்குமேல், தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்கள் பேச்சைக் கேட்டு வண்டியை நிறுத்தினார். "எந்த ஊர் பிள்ளைகளா?" மலேசியத் தமிழர். நாகப்பட்டினம் என்றதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய தாத்தா நாகையில்தான் 'ராஜூலா' கப்பல் ஏறினாராம். சென்னையில் புறப்பட்டு, நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர்வரை போன கப்பல் அது. ஏறியவர்களில் எத்தனையோ பேர் ஊர் திரும்பவே இல்லை. "தாத்தா சாகும்வரை நாகூர் தர்கா பற்றித்தான் பேசுவார். மினாரா இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். ஐந்தும் இருக்கின்றன அக்கா என்றாள் ஒருத்தி. தன் கைபேசியில் இருந்த கந்தூரிப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

அவர்தான் தரைவிரிப்பு உள்ள, விளக்கு மங்கிய ஒரு மூலையைக் காட்டினார். பிளாஸ்க் நிறைய வெந்நீரும் கொண்டுவந்தார். வெந்நீரைப் பார்த்ததும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒசாகாவை அடுத்த இகெதாவில் கப் நூடுல்ஸ் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. 1971-இல் வந்த அந்தத் தின்பண்டத்தின் வரலாற்றைக் காட்டுவதோடு, வெற்றுக் கப் ஒன்றைக் கொடுத்து நம்மையே படம் வரையச் சொல்வார்கள். பிறகு நூடுல்ஸை இட்டு மூடித் தருவார்கள். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் தம்பி தங்கைகளுக்காக வரைந்து, காற்றடைத்த பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நம்பியார் நகர் மாணவனுடைய கப்பில் ஒரு விசைப்படகு, படகின்மேல் தம்பியின் பெயர். பாய்ந்து வரும் அலைக்கு மூன்று நீல நிறங்களைப் பயன்படுத்தியிருந்தான்.

அதிகாலை ஒன்றரைக்கு எல்லோரும் கப்பைத் திறந்துவிட்டார்கள். அவன் மட்டும் திறக்கவில்லை. "பசியில்லை டீச்சர்" என்றான். வயிறு கத்துவது எனக்குக் கேட்டது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் கீச்சாங்குப்பத்துப் பெண் அவன் கப்பை வாங்கி, பெயர் கிழியாமல் மூடியை நகத்தால் மெல்ல நெம்பித் திறந்து, வெந்நீர் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். சாப்பிட்டான். பிறகு கழிப்பறைக்குப் போய் வெற்றுக் கப்பைக் கழுவி, சட்டையின் உள்பக்கத்தால் துடைத்து, பழையபடி காற்றுப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஆறு மணிக்கு வேலை முடிந்து கிளம்பும்போது அந்த அம்மாள் எங்களைத் தேடி வந்து, நாகூருக்கென்று சொல்லி ஐம்பது ரிங்கிட்டை என் கையில் அழுத்தினார்.

திருச்சியில் இறங்கும்போது காலை மணி ஒன்பது. கதவு திறந்ததும் அக்கினி நட்சத்திர வெயில் முகத்தில் அறைந்தது. வேனில் ஏறியவர்கள் தஞ்சாவூர் வருவதற்குள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிவிட்டார்கள். நான் உறங்கவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது மறுபடியும் தலைகளை எண்ணினேன்.

சிக்கலில் இருவர் இறங்கினார்கள். நாகையில் ஏழு பேர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பாக்கள் எல்லோரும் கரையில்தான் இருந்தார்கள். தெருமுனையில் நின்று பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். நம்பியார் நகரில் வேன் நிற்பதற்குள் ஒரு சிறுவன் ஓடிவந்தான். அண்ணன் பையைக் கழற்றி அவனிடம் கொடுத்தான். சிறுவன் உள்ளே பார்த்தான், காலியாக இருந்தது. மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தான். பிறகு படகின்மேல் தன் பெயரைக் கண்டதும், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டான்.

கடைசியில் இறங்கியவர்கள் கீச்சாங்குப்பத்தார் இருவரும். சுனாமிக் குடியிருப்பின் வாசலில் மாணவியின் அம்மா நின்றிருந்தார். அவள் உள்ளே போகாமல், ஷியோரியைத் திறந்து தன் கட்டத்தில் '1.50' என்று எழுதினாள். மற்றவர்கள் இறங்கும்போதெல்லாம் வாங்கிப் பிடித்து அவளேதான் நேரம் எழுத வைத்திருக்கிறாள். அடியில் இரண்டு கட்டங்கள் மீதி இருந்தன.

"டீச்சர், நீங்களும் சாரும் இன்னும் வீட்டுக்குப் போகவில்லையே" என்று கையேட்டை என்னிடம் நீட்டினாள்.

சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது, நேரம் எழுதிவிட்டீர்களா என்று. பி.டி. சார் 2.20, நான் 2.45.