ஒரே படிகத்தில் யுரேனியமும் டெலூரியமும்: நேரில் பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

என் கைக்கு வந்த பெட்டி தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. உள்ளே பழுப்பு நிறக் கல். சீட்டில் ‘மொக்டேசுமைட், சொனோரா, மெக்சிகோ’ என்று எழுதியிருந்தது. ஈயம், யுரேனியம், டெலூரியம் மூன்றும் சேர்ந்த கனிமம் அது. வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நுண்ணோக்கியில் நாற்பது மடங்கு பெருக்கி, விளக்கைச் சற்றுச் சாய்த்தேன். கல்லின் ஒரு பொந்துக்குள் ஆரஞ்சு நிறம் தணலைப் போல எழுந்தது! மணலைவிடச் சின்னத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அன்றிரவு வெகுநேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

கல்லைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் யுரேனியத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கோ வியப்பெல்லாம் டெலூரியம் என்ற தனிமத்தின் மேல். புவி ஓட்டில் அது தங்கத்தைப் போல அரிது. யுரேனியம் அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் அதிகம். சொனோராவின் மொக்டேசுமா சுரங்கத்தில் தங்கமும் டெலூரியமும் ஒரே தாது நரம்பில் கிடந்தன. மேற்பரப்பை ஒட்டி டெலூரியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மாறியது. யுரேனியம் கரைந்த நீர் அதைத் தேடி வந்தது. ஈயமும் கூடிய இடத்தில் மொக்டேசுமைட் பிறந்தது. ஈயமில்லாத இடத்தில் ஷ்மிட்டரைட் என்ற வெளிர் மஞ்சள் கனிமம்.

ஒரு தவறு செய்தேன். தூசி தட்டுவதற்காக மெல்லிய தூரிகையால் தொட்டதும் இரண்டு தகடுகள் உதிர்ந்துவிட்டன. அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. உங்களிடம் இருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள், ஊதவும் வேண்டாம். யுரேனியத் தூசி மூச்சில் போகக்கூடாது.

*

நான் பார்த்தது கிளிஃபோர்டைட், யுரேனியமும் டெலூரியமும் சேர்ந்த இன்னொரு கனிமம். அதே மொக்டேசுமா பகுதியிலிருந்து வந்தது. பளிச்சென்ற மஞ்சள் எண்முகப் படிகங்கள். கதிரியக்கத்தை அளக்கும் கெய்கர் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனதும் படபடவென்று ஒலித்தது. அப்போது எனக்கு ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் நினைவுக்கு வந்தார். 1789இல் யுரேனியத்தைக் கண்டறிந்தவர் அவர்தான். அதற்கு யுரேனஸ் கோளின் பெயரைக் கொடுத்தார். முல்லர் என்ற கனிமவியலாளர் 1782இல் கண்ட தனிமத்துக்கு 1798இல் டெலூரியம் என்று, மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்தவரும் அவரே. வானும் மண்ணும் ஒரே படிகத்துக்குள் இருப்பதை அவர் பார்த்திருக்க வேண்டும் என்று அன்று ஏங்கினேன்.

*

கலிபோர்னியாவின் ஓட்டோ மலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010இல் விவரிக்கப்பட்ட மார்க்கூப்பரைட் என்ற கனிமம் அங்கே கிடைத்ததுதான். ஈயம், யுரேனியம், டெலூரியம் மூன்றும் அதிலும் உண்டு. ஆனால் டெலூரியம் இன்னும் ஒரு படி கூடுதலாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்திருக்கிறது. ஒரே ஒரு துணுக்கைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். அதுவும் ஆரஞ்சுதான்.