ஊதாவா, ரோஸா? கிராம் ஸ்டெயின் என்னை ஏமாற்றிய நாள்

லேப் டெக்னீஷியன் படிப்பில் என் முதல் கிராம் ஸ்டெயின். பாக்டீரியாவுக்குச் சாயம் ஏற்றி, ஊதா என்றால் பாசிட்டிவ், ரோஸ் என்றால் நெகட்டிவ் என்று இரண்டாகப் பிரிக்கும் சோதனை அது. கொடுத்தது ஸ்டஃபைலோகாக்கஸ், ஊதாவாக வர வேண்டிய பாசிட்டிவ் கிருமி. ஸ்லைடில் ஆயில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் திராட்சைக் கொத்து அழகாக இருந்தது, நிறம்தான் ரோஸ். ரெக்கார்டில் ‘கிராம் நெகட்டிவ்’ என்று எழுதிவிட்டேன். மேடம் ஒன்றுதான் கேட்டார்: “ஆல்கஹால் எவ்வளவு நேரம் விட்டே?”

பக்கத்து டேபிளோடு அரட்டை அடித்துக்கொண்டே ஊற்றியிருந்தேன். ஒரு நிமிடம் தாண்டியிருக்கும். பத்துப் பதினைந்து விநாடி போதும். வழிகிற சொட்டில் ஊதா நின்றதும் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். முதலில் ஊற்றும் ஊதாச் சாயமான கிரிஸ்டல் வயலெட்டும், அடுத்து ஊற்றும் அயோடினும் செல்லுக்குள் போய்ச் சேர்ந்து பெரிய துகளாகிவிடும். பாசிட்டிவ் கிருமிக்கு பெப்டிடோகிளைக்கான் என்ற பொருளால் ஆன செல் சுவர் தடிமன், ஆல்கஹால் பட்டதும் வற்றிச் சுருங்கி சாயத்தைப் பூட்டிக்கொள்ளும். நெகட்டிவுக்கு அந்தச் சுவர் மெல்லிசு. அதற்கு வெளியே இருக்கும் கொழுப்புப் படலத்தை ஆல்கஹால் கரைத்துவிட, ஊதா வெளியேறி, கடைசியில் ஊற்றும் ரோஸ் சாயமான சாஃப்ரனின்தான் தெரியும். ஆனால் என்னைப் போல ஊறவைத்தால் தடிமன் சுவரும் கைவிட்டுவிடும்.

———

எனக்கு ஆல்கஹால் சதி செய்யவில்லை அக்கா, வயசுதான். மண்ணிலிருந்து பிரித்த பேசில்லஸ், அதுவும் பாசிட்டிவ் கிருமிதான்; அதை வளர்த்தது நாலு நாள் பழைய தட்டு. ஸ்லைடில் பாதி ஊதா, பாதி ரோஸ். வேறு கிருமி கலந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஸ்ட்ரீக் பண்ணினேன் (புதுத் தட்டில் கோடு இழுத்துக் கிருமியைத் தனியாகப் பிரிப்பது). பிறகுதான் சீனியர் ஒருவர் சொன்னார், பழசானால் சுவர் சிதைந்து பாசிட்டிவே நெகட்டிவ் வேஷம் போடும் என்று. மறுநாள் காலை புதிதாக வளர்த்த கல்ச்சரில் எல்லாமே ஊதா.

அவரே இன்னொன்றும் காட்டினார். 3% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டில் காலனியை (தட்டில் வளர்ந்த கிருமித் திட்டு) லூப் என்ற கம்பி வளையத்தால் குழைத்து மெல்லத் தூக்க வேண்டும். நெகட்டிவ் என்றால் செல் உடைந்து டிஎன்ஏ வெளியே வந்து பிசின் மாதிரி நூல் இழுக்கும். நெகட்டிவான ஈ.கோலை இழுத்தது, என் பேசில்லஸ் தண்ணீராகவே கிடந்தது.

———

இந்தச் சோதனைக்குப் பெயர் தந்த டென்மார்க் மருத்துவர் கிராம் 1884-இல் பெர்லினில் இதைச் செய்தபோது நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமி கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் பார்த்தார். வகை பிரிப்பது அப்புறம் வந்தது. சாஃப்ரனின்கூட அவர் சேர்த்ததில்லை.

என் அனுபவம் சின்னது: கையுறை போடாமல் கிரிஸ்டல் வயலெட் பாட்டிலைத் திறந்தேன். நாலு நாள் ஊதா விரலோடு சாப்பிட்டேன். ஆல்கஹால் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நான் கிராம் பாசிட்டிவ் போல.