சுகார்த்தோவுக்குப் பிந்தைய சீர்திருத்தம் தோட்டத் தொழிலாளியை எட்டியதா?

கேள்வி: ஆசிரியை, சுங்கை சிப்புட்

எங்கள் ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் காலைப் பெரட்டுக்கு நிற்பவர்களில் பலர் இன்று இந்தோனேசியர்கள். 1998 மே 21ஆம் நாள் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ பதவி விலகிய பின் அந்நாட்டின் அரசமைப்புச் சட்டம் நான்கு முறை திருத்தப்பட்டது. 2004 முதல் மக்களே அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியிருந்தும் அவர்கள் ஏன் பிழைப்புத் தேடி இங்கு வருகிறார்கள் என்று என் ஆறாம் படிவ மாணவர்கள் கேட்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஈப்போ

வணக்கம் ஆசிரியை. ஜனநாயகம் பிறந்ததே பொருளாதாரம் சரிந்து கிடந்த வேளையில்தான். 1998இல் மட்டும் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 13 விழுக்காடு சுருங்கியது. 1997இல் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடிக்கு முன் டாலருக்கு 2,400 ரூப்பியா அளவில் இருந்த நாணயம், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 16,000ஐத் தாண்டியது. வங்கிகளைக் காப்பாற்ற அரசு வெளியிட்ட கடன் பத்திரங்களுக்கான வட்டியைப் பல ஆண்டுகள் வரவு செலவுத் திட்டமே சுமந்தது. எனினும், மத்திய வங்கிக்குச் சுதந்திரம் அளித்த 1999ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பதில்: தொழிற்சங்க உறுப்பினர், கோலகங்சார்

ஐயா சொன்னதோடு நிலத்தையும் சேர்க்க வேண்டும். 2001இல் நடைமுறைக்கு வந்த அதிகாரப் பரவலாக்கத்தால், தோட்ட உரிமம் வழங்கும் அதிகாரம் பெரும்பாலும் மாவட்டத் தலைவர்களான புப்பாத்திகளின் கைக்குப் போனது. ஜகார்த்தாவின் பிடி தளர்ந்தது நல்லதே. ஆனால் மேலிடத்தில் மட்டும் கைமாறிய லஞ்சம் மாவட்டந்தோறும் பரவ அதுவே வழியும் திறந்துவிட்டது. எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டில் தங்கியிருக்கும் வடசுமத்திரா இளைஞர், தம் குடும்பம் மரவள்ளி பயிரிட்ட நிலம் அப்படியோர் உரிமத்துக்குள் போய்விட்டதாகச் சொன்னார். கையில் நிலம் இல்லாதவருக்கு இங்குள்ள 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் பெரிய தொகைதான்.

தொழிலாளர் உரிமையில் வந்த மாற்றம் மெய்யானது. சுகார்த்தோ காலத்தில் அரசு ஏற்ற ஒரே சங்கந்தான் இருந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துத் தொழிலாளர்கள் கூடினாலே சங்கம் அமைக்கலாம். அதை உங்கள் மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆசிரியை: மிக்க நன்றி. அந்த மாவட்டத் தலைவர்களை எவரும் தட்டிக் கேட்கவில்லையா?

வங்கி அதிகாரி: கேட்டார்கள், அம்மா. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஊழல் ஒழிப்பு ஆணையம் புப்பாத்திகளையும் அமைச்சர்களையும் சிறைக்கு அனுப்பியது. ஆனால் 2019இல் மாணவர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தும் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, ஆணையத்தின்மீது மேற்பார்வைக் குழுவொன்றை அமர்த்தி, அதன் ஊழியர்களை அரசுப் பணியாளர்களாக்கியது. அன்றிலிருந்து அதன் பல் மழுங்கிவிட்டது என்பதே என் கருத்து.