‘டெப்ரிகேட்டட்’, ‘நிட்’, ‘ஷுட்’: அகராதி கைவிடும் ஆங்கிலச் சொற்களை எப்படிப் பிடிப்பது?

சொல்தேடி (கேள்வி)

மென்பொருள் கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். அதை எழுதிய குழுவின் பின்னூட்டக் குறிப்புகளும் கூடவே வருகின்றன. சிக்குபவை இவை:

‘டெப்ரிகேட்டட்’: அகராதி ‘கண்டி, வெறுத்துரை’ என்கிறது. பொருந்தவே இல்லை.
‘நிட்:’ என்று தொடங்கும் குறிப்புகள். கூடவே ‘எல்ஜிடிஎம்’, ‘பிடிஏஎல்’, ‘பைக்‌ஷெட்’.
‘மஸ்ட்’, ‘ஷுட்’: இரண்டுக்குமே ‘வேண்டும்’ போட்டேன். தவறு என்று திரும்பி வந்தது. ஏன்?

இது கலைச்சொல், இது பேச்சுவழக்கு என்று பிரிக்க ஏதாவது வழி உண்டா? எந்த அகராதியை நம்பலாம்?

அரைப்புள்ளி

‘மஸ்ட்’, ‘ஷுட்’தான் இவற்றில் ஆபத்தானவை. கையேட்டின் தொடக்கத்தில் ‘ஆர்எஃப்சி 2119’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். 1997-இல் வந்த அந்த ஆவணம் இந்தச் சொற்களுக்கு இணையத் தரநிலைகளில் தனிப்பொருள் கொடுத்துவிட்டது. ‘மஸ்ட்’ என்றால் விலக்கே கிடையாது. ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால் விடலாம், ஆனால் விட்டால் என்ன ஆகும் என்று முழுக்க யோசித்த பிறகுதான். ‘மே’ என்றால் செய்தாலும் சரி, விட்டாலும் சரி.

‘கடவுச்சொல்லை மறையாக்கம் செய்ய வேண்டும்’ என்று எழுதினால் படிப்பவருக்கு இது கட்டாயமா பரிந்துரையா என்று தெரியாது. ‘கட்டாயம் செய்ய வேண்டும்’, ‘செய்வது பரிந்துரைக்கப்படுகிறது’, ‘விரும்பினால் செய்யலாம்’ என்று மூன்றாகப் பிரித்து, ஆவணம் முழுக்க அதே மூன்றையே ஆளுங்கள். அழகுக்காக நடுவில் மாற்றிவிட வேண்டாம்.

இன்னொரு சிக்கல் நம் பக்கம். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8174, இந்தச் சொற்கள் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே தனிப்பொருள் என்று தெளிவுபடுத்தியது. சிறிய எழுத்தில் வரும் ‘ஷுட்’ வெறும் பேச்சு ஆங்கிலம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லையே! ஆகவே தனிப்பொருள் வரும் இடங்களைத் தடித்த எழுத்தில் போட்டு, முன்பக்கத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

வேர்ச்சொல்

‘டெப்ரிகேட்டட்’: லத்தீன் வேரில் ‘வேண்டிக்கொண்டு விலக்குதல்’ என்று பொருள். மென்பொருளில் ‘இன்னும் வேலை செய்யும், ஆனால் புதிதாகப் பயன்படுத்தாதீர்கள்’. ‘நீக்கப்பட்டது’ என்று எழுதினால் பிழை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பயந்துபோய் அவசரமாக மாற்றப் போவார்கள். ‘கைவிடப்பட்டது’ என்பதும் சற்று அதிகம்தான். ஜாவா நிரல்மொழியின் ‘த்ரெட்.ஸ்டாப்’ என்ற கட்டளை 1998-இலேயே, 1.2-ஆம் பதிப்பில், இந்த முத்திரை வாங்கியது. 2023-இல் வந்த 20-ஆம் பதிப்பில்தான் அது இயங்காமல் முடக்கப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் அது ‘டெப்ரிகேட்டட்’தான், ஆனால் உயிரோடு இருந்தது. நான் ‘தவிர்க்கத்தக்கது’ என்பேன். முதல் முறை வரும்போது ‘இப்போதைக்கு இயங்கும்’ என்று சேர்த்துவிடலாம்.

ஜாவா 9 முதல் ‘ஃபார் ரிமூவல்’ என்று தனிக்குறி உண்டு. அது இருந்தால் மட்டும் ‘நீக்கப்படவுள்ளது’.

ஓர் எச்சரிக்கை: நடுவில் ஓர் ‘ஐ’ எழுத்து கூடினால் அது ‘டிப்ரீஷியேட்’. கணக்கியலில் தேய்மானம். ஆங்கிலத்தில் எழுதுபவர்களே இதைக் குழப்புவார்கள், ஆகவே மூலத்தில் பிழை இருக்கவும் வாய்ப்புண்டு.

ஈர்வலி

என் பெயருக்கே வந்துவிட்டீர்கள். ‘நிட்’ என்றால் ஈர், பேன் முட்டை. ‘நிட்பிக்கிங்’ என்பது ஈர் எடுப்பது, அதாவது சின்னச் சின்னக் குறை தேடுவது. பின்னூட்டத்தில் ‘நிட்: இங்கே ஓர் இடைவெளி அதிகம்’ என்றால், ‘சின்ன விஷயம், திருத்தினால் நல்லது, இதற்காக உங்கள் வேலையை நிறுத்தி வைக்க மாட்டேன்’ என்று பொருள். பணிவுக்காகப் போடும் முன்னொட்டு அது. ‘குறை:’ என்று தமிழாக்கினால் பணிவு போய்க் குற்றச்சாட்டு வந்துவிடும். ‘சிறு திருத்தம்:’ போதும்.

‘எல்ஜிடிஎம்’ என்பது ‘லுக்ஸ் குட் டு மீ’யின் சுருக்கம். சரியாக இருக்கிறது, ஏற்கலாம். ‘பிடிஏஎல்’ (‘ப்ளீஸ் டேக் அ லுக்’) என்றால் பாருங்கள், அல்லது மறுபடி பாருங்கள். முதல் முறையா இரண்டாம் முறையா என்பது தேதியைப் பார்த்தால் தெரியும்.

‘பைக்‌ஷெட்’ தனிக்கதை. 1957-இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் சொன்ன உதாரணம்: அணு உலைத் திட்டத்தைச் சில நிமிடங்களில் ஒப்புக்கொள்ளும் குழு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் வாதாடும். ஏனென்றால் கொட்டகை எல்லோருக்கும் புரியும். 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளக் குழுவின் மடல் ஒன்று வழியாகக் கணினி உலகில் பரவியது. ‘பேனைப் பெருமாளாக்காதீர்கள்’ என்றால் கிட்டத்தட்ட வந்துவிடும். கொட்டகையைத் தமிழுக்கு இழுத்து வராதீர்கள், யாருக்கும் புரியாது.

வேர்ச்சொல்

பிரிக்கும் வழி கேட்டீர்கள். அகராதிக்கு முன்னால் இலக்கணத்தைப் பாருங்கள். ‘அன் ஓவர்சைட்’ என்று முன்னால் ‘ஒரு’ என்ற பொருளில் ‘அன்’ (an) வந்தால் கவனப்பிசகு. ‘ஓவர்சைட் ஆஃப்’ என்று பின்னால் ‘ஆஃப்’ வந்தால் மேற்பார்வை. ‘சாங்‌ஷன்ஸ் ஆன்’ என்று பன்மையில் வந்தால் தடை நடவடிக்கை. வினையாக, கடனையோ செலவையோ ‘சாங்‌ஷன்’ செய்தார்கள் என்றால் ஒப்புதல்.

இலக்கணம் உதவாத இடமும் உண்டு. ‘டேபிள்’ என்ற வினை பிரிட்டனில் விவாதத்துக்கு எடுத்துவைப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது. நேர்மாறு. எழுதியவர் எந்த ஆங்கிலம் என்று தெரியாமல் கை வைக்கக்கூடாது.

மருத்துவ அறிக்கை கையில் வந்தால்: ‘அக்யூட்’ என்பது கடுமையானது அல்ல, திடீரெனத் தொடங்கியது. ‘அன்ரிமார்க்கபிள்’ என்றால் இயல்பாக உள்ளது. அகராதி சொல்லும் ‘சாதாரணமான, சுவையற்ற’ அங்கே சிரிப்பாகிவிடும்.

அரைப்புள்ளி

அகராதி விஷயம். பேச்சுவழக்குக்கு க்ரீன்ஸ் அகராதி நல்லது. 2010-இல் 3 தொகுதிகளாக வந்தது, இப்போது இணையத்திலும் உண்டு. ஒவ்வொரு பொருளும் எந்த ஆண்டில் யார் எழுத்தில் வந்தது என்று மேற்கோள் தரும். கணினிக்காரர்களின் பழைய வழக்குக்கு 1975-இல் தொடங்கிய ஜார்கன் ஃபைல். அர்பன் டிக்‌ஷனரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதிக வாக்கு வாங்கியது மேலே நிற்கும். சரியானதைவிட வேடிக்கையானது வாக்கு வாங்கும் இடம் அது. மேலே உள்ள 4, 5 பதிவுகள் ஒரே பொருள் சொன்னால்தான் எடுத்துக்கொள்வேன்.

சொல்தேடி

நன்றி. ‘நிட்’ எல்லாம் ‘சிறு திருத்தம்’ ஆகிவிட்டது. ‘நிட், நான்-பிளாக்கிங்’ என்று சில இடங்களில் வருகிறதே?

ஈர்வலி

‘இது வேலையைத் தடுக்காது’ என்று இன்னொரு முறை சொல்கிறார்கள். ‘சிறு திருத்தம், விரும்பினால்’ போடுங்கள். ஆனால் கோப்பு முழுக்கத் தேடி ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். கையேட்டில் ‘நான்-பிளாக்கிங் ஐஓ’ (உள்ளீடு, வெளியீடு) என்று வரக்கூடும். அது தரவு வரும்வரை காத்து நிற்காமல் நிரல் மேலே போவது. அங்கே ‘விரும்பினால்’ விழுந்தால் வாக்கியமே கவிழும்.