பெல்லர் மாளிகை: முன்பக்கம் புதுசு, முற்றம் பழசு, ஏன்?

பயணப்பை:
பழைய அஞ்சலட்டை ஒன்றில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துப் பெல்லர் மாளிகையைப் பார்த்தேன். மணற்கல் முகப்பு, மேலே போகப் போகக் குறுகும் கூரை நெற்றி, உச்சியில் ஜூபிடர் சிலை. நேரில் எகிடியன் சதுக்கத்துக்குப் போனால் ஐம்பதுகளின் அலுவலகக் கட்டடம் நிற்கிறது! ஆனால் உள்முற்றம் மட்டும் அஞ்சலட்டைக் காலத்தது போல இருக்கிறது. என்ன நடந்தது?

கல்தச்சன்:
குண்டுவீச்சுதான். 1944 அக்டோபரில் ஒரு அடி. 1945 ஜனவரி 2 அன்று பழைய நகரமே தரைமட்டமானபோது மிச்சமும் போனது. தரைத்தளமும் முற்றத்தில் கொஞ்சமும் தப்பின. அதன்மேல்தான் 1955-57இல் நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் என்று நீங்கள் பார்த்ததைக் கட்டினார்கள்.

எனக்கு வீட்டைவிட அதைக் கட்டியவர் கதைதான் பிடிக்கும். மார்ட்டின் பெல்லர் அந்த ஊர்க்காரரே இல்லை. போடன் ஏரிக்கரை ராடால்ஃப்செல்லில் இருந்து வந்தவர். பெரும் வணிகர் பார்த்தலோமியஸ் வியாட்டிஸுக்காக வெனிஸ் வியாபாரத்தைப் பார்த்தார். அவர் மகள் மரியாவைக் கட்டிக்கொண்டு பங்குதாரரும் ஆனார். ஆனால் பணம் இருந்து என்ன? நகர மண்டப நடனத்துக்கு எந்தெந்தக் குடும்பங்கள் வரலாம் என்று 1521லேயே பெருங்குடிகள் பட்டியல் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். நகரை ஆண்டதும் அதே வட்டம்தான். அந்தப் பட்டியலில் இல்லாத பெல்லர், கட்டடக் கலைஞர் யாகோப் வோல்ஃபை வைத்து 1602 முதல் 1605 வரை கட்டிய வீடு, பெருங்குடிகளின் வீடுகளையே மங்க வைத்தது. சும்மா அழகுக்காகக் கட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. "என்னையா சேர்க்க மாட்டீர்கள்?" என்று கல்லில் கேட்டிருக்கிறார்.

மழைக்குருவி:
அப்படியென்றால் முகப்பையும் திரும்ப எழுப்ப வேண்டியதுதானே? முற்றத்தை நன்கொடை திரட்டி 2018இல் முடித்துவிட்டார்களே. முகப்புக்கும் புகைப்படங்கள் ஏராளம்.

கல்தச்சன்:
அங்கேதான் சிக்கல். ஐம்பதுகளில் கட்டியதும் இப்போது பாதுகாக்கப்பட்ட சின்னம். பழையதை எழுப்ப இதை இடிக்க வேண்டும். முற்றத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. தப்பிய கற்களையும் சேர்த்துக்கொண்டு 'பழைய நகர நண்பர்கள்' சங்கம் அதைக் கட்டியது. என்னைக் கேட்டால் முகப்பு இப்படியே இருக்கட்டும். போருக்குப் பிறகு ஊர் எப்படி எழுந்தது என்பதற்கும் ஒரு சாட்சி வேண்டுமே.

மழைக்குருவி:
சாட்சி சரி, ஆனால் கண்ணுக்கு லட்சணமாக இல்லையே! நான் நன்கொடை கொடுக்கிற கட்சிதான்.

பயணப்பை:
இருவருக்கும் நன்றி. வீட்டுக்குள் இருந்ததில் எதுவும் மிஞ்சவில்லையா?

கல்தச்சன்:
மிஞ்சியது. 'அழகிய அறை' என்று பெயர்பெற்ற அறையின் மர வேலைப்பாட்டை முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அது இப்போது ஃபெம்போ மாளிகை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எகிடியன் சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரம்தான். உள்ளே போனதும் முதலில் கூரையை அண்ணாந்து பாருங்கள்.