ஜின் சவரில் நுரை நிற்க மாட்டேன் என்கிறது

வணக்கம். காக்டெயில் செய்யத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

போன மாதம் தோழிகள் நான்கு பேர் லண்டனில் ஒரு ஜின் காக்டெயில் வகுப்புக்குப் போயிருந்தோம். அங்கே செய்தது ஜின் சவர் (sour): ஜின் மதுவில் எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் சேர்த்துக் குலுக்கும் புளிப்புக் காக்டெயில். மேலே நுரை நிற்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். எங்களில் ஒருத்தி முட்டையைத் தொடமாட்டாள். அதனால் வெள்ளைக்கருவுக்குப் பதில் டப்பாக் கொண்டைக்கடலைத் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். டம்ளர் ஆற்றிய ஃபில்டர் காபி மாதிரி மேலே கெட்டி நுரை. கடலை வாசமே இல்லை!

வீட்டில் அது வரவில்லை. மூன்று வாரத்தில் ஐந்து முறை செய்தாயிற்று. அளவு அதேதான்: ஜின் 50 மி.லி., எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 20, கடலைத் தண்ணீர் 30. முதலில் ஐஸ் இல்லாமல் 20 விநாடி, அப்புறம் ஐஸோடு 15 விநாடி குலுக்குகிறேன். சோப்புக் குமிழி மாதிரி எழும்பி, ஒரே நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. பாகைக் கூட்டினேன். ஷேக்கரை எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவினேன். பலனில்லை.

ஒரே வித்தியாசம், என்னுடையது டப்பாத் தண்ணீர் இல்லை. சுண்டலுக்குக் குக்கரில் வேகவைத்து வடித்தது. உப்பு போடவில்லை. ரசத் தெளிவு மாதிரி நீர்த்திருக்கிறது. சனிக்கிழமை அதே தோழிகள் வருகிறார்கள்.

இந்தத் தண்ணீரை எந்தப் பதம் வரும்வரை சுண்டவைக்க வேண்டும்?