தாங்குதல் (ஊழியத்துக்கான பண உதவி) கேட்கப் போன இடத்தில் மனதைவிட்டுப் போகாத ஒரு பதில் – பகிருங்கள்

ரசீதுப்புத்தகம்:

சபையின் வாலிபர் ஊழியத்துக்கு மாதந்தோறும் தவறாமல் கொடுத்துவந்த ஒரு அம்மா திடீரென நிறுத்திவிட்டார். உடம்புக்கு முடியவில்லையோ, வருமானம் குறைந்துவிட்டதோ என்று ஊழியரும் பொருளாளரும் பார்க்கப் போனார்கள். அவர் வேதாகமத்துக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்தார். கொடுக்கத் தொடங்கிய அன்று ஜெபத்துக்காக எழுதித் தந்த ஐந்து பிள்ளைகளின் பெயர் அதில் இருந்தது. "இதுல யாராவது இன்னும் வர்றாங்களா தம்பி?" என்றார். ஐந்து பேரும் படிப்பை முடித்து வேறு ஊர்களுக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவரோ தினமும் அந்தப் பெயர்களைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்விக்கு முன்னால் அவர்களுக்கு நிற்க இடமில்லை. வருஷத்துக்கு ஒரு அச்சடித்த வாழ்த்து அட்டையைத் தவிர அவருக்கு எதுவும் போகவில்லை.

தாங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி வேண்டும்: தொகை, தொடங்கிய மாதம், கடைசியாகப் பணம் வந்த தேதி, கடைசியாக நாம் அவரோடு பேசிய தேதி. நான்காவதைத்தான் யாரும் எழுதுவதில்லை. தொடர்ந்து இரண்டு மாதம் வராவிட்டால் முதலில் வங்கியைப் பாருங்கள். வங்கி அட்டை காலாவதியாகியிருக்கும், கணக்கு மாறியிருக்கும், மாதந்தோறும் தானாகப் பணம் அனுப்ப வங்கிக்குக் கொடுத்த உத்தரவின் காலம் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு போன் செய்யுங்கள், நலம் விசாரிக்க மட்டும்.

உங்களுக்கு மனதில் நின்றதையும் எழுதுங்கள்.

மூன்றாம்வரிசை:

கேட்காமல் விட்டது ஒன்று. தொழில் செய்கிறவர், சபையில் மதிப்புள்ளவர். ஊழியர் அவரிடம் போய், கூட்டங்கள், முகாம், தரிசனம் எல்லாவற்றையும் அரைமணி நேரம் விளக்கினார். அவர் நேராகவே கேட்டார்: "சரி தம்பி, நான் என்ன செய்யணும்?" பதில்: "கர்த்தர் ஏவுகிறபடி செய்யுங்க ஐயா." சட்டைப்பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார். பக்தியான பதில்தான். ஆனால் அவர் உண்மையாகவே கேட்டார், அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

கேட்கும் வாக்கியத்தில் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த மாதத்திலிருந்து – மூன்றும் இருக்கணும். கேட்டதும் பேச்சை நிறுத்தணும். அந்த மௌனத்தில் அவர் வீட்டுச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். நாம் பொறுக்காமல் "முடியலைன்னாலும் பரவாயில்லைங்க, பாதி கொடுத்தாலும் போதும்" என்று குறுக்கே விழுந்தால், அந்தப் பாதியும் குறையும். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்றால், "நல்லதுங்க ஐயா, வர்ற வியாழக்கிழமை கூப்பிடட்டுமா?" என்று நாளைக் குறித்துக்கொள்ளணும். வியாழக்கிழமை கூப்பிட்டே ஆகணும். குறித்த நாளில் அழைப்பு வராவிட்டால், நமக்கு அது பெரிய விஷயமில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

தொகையை எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்கள் மாதத் தேவையை 100 பங்காக வைத்துப் பிரித்துப் பாருங்கள். 10 பங்கு தாங்க 2 பேர், 5 பங்குக்கு 6 பேர், 2 பங்குக்கு 15 பேர், 1 பங்குக்கு 20 பேர். மொத்தம் 43 பேர். எல்லோரும் சரி என்று சொல்லப்போவதில்லை. மூன்று மடங்கு, ஏறக்குறைய 130 பெயராவது பட்டியலில் இருக்கணும். ஒரே ஆள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தாங்கும் நிலைக்கு விடாதீர்கள். அவர் இடம் மாறிப் போனால் ஊழியரின் சம்பளமே நின்றுவிடும்.

முழங்கால்:

மன்னிக்கணும், மேலே சொன்னது விற்பனைப் பிரதிநிதியின் முறை. தொகையைச் சொல்லிவிட்டு மௌனமாக உட்காருவது நெருக்குதல்தான்.

நான் சொல்லப்போவது ஆராதனை முடிந்த வாசலில் நடந்தது. ஒரு சகோதரனை நிறுத்தி, இவ்வளவு கொடுப்பேன் என்று கையெழுத்திடும் உறுதிப் படிவத்தை நீட்டினார்கள். பக்கத்தில் மனைவி, இடுப்பில் குழந்தை, சுற்றிலும் ஆட்கள். அந்த மாதம்தான் அவருக்கு வேலை போயிருந்தது, நீட்டியவருக்கு அது தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மனைவி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ஞாயிறு பக்கவாசல் வழியாக வெளியேறினார்கள். பிறகு வரவே இல்லை.

ஜார்ஜ் முல்லர் 1836இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கான முதல் இல்லத்தைத் திறந்தார். தேவையை மனிதரிடம் சொல்லிக் கேட்கவில்லை, கடன் வாங்கவில்லை. அவர் காலம் முடிவதற்குள் பத்தாயிரம் பிள்ளைகள் அளவுக்கு அங்கே பராமரிக்கப்பட்டார்கள். 1865இல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கிய ஹட்சன் டெய்லரும் பணம் கேட்பதில்லை என்ற கொள்கையோடுதான் நடத்தினார். ஜெபம் போதும் என்று வாழ்ந்து காட்டியவர்கள் இருக்கும்போது நமக்கு எதற்குப் படிவம்?

கணக்குநோட்டு:

முழங்கால் பிரதர், அந்த வாசல் சம்பவம் நெஞ்சை அடைக்கிறது. ஆனால் முல்லரைப் பாதிதான் சொன்னீர்கள். அவர் வருஷாவருஷம் அறிக்கை அச்சிட்டு வெளியிட்டார். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லாமல் எழுதினார். கேட்கமாட்டேன் என்றவரே இவ்வளவு கணக்குக் காட்டினார் என்றால், கேட்கிற நாம் எவ்வளவு காட்டணும்?

அதே நூற்றாண்டில் அமெரிக்க நற்செய்தியாளர் டி. எல். மூடி பணக்காரர்களிடம் நேராகப் போய்க் கேட்டார். பவுலும் கேட்டார். 1 கொரிந்தியர் 16இல், வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொல்கிறார், தான் வந்த பிறகு சேர்க்க வேண்டாம் என்கிறார். 2 கொரிந்தியர் 9:5இல் சகோதரரை முன்னதாகவே அனுப்புகிறார், கொடுப்பது கட்டாயமாகப் போய்விடக்கூடாது என்பதற்காக. வாசலில் மீறப்பட்டது இதுதான். அங்கே முன்னறிவிப்பு இல்லை, தனிமை இல்லை, மறுக்க வழி இல்லை.

நெருக்குதல் இல்லாமல் கேட்கும் முறை உண்டு. முதலில் சபை மூப்பர்களின் சம்மதம். அதற்குப் பிறகு பெயர்ப் பட்டியலைப் போதகரிடம் காட்டி, "இதில் இப்போது யாரிடம் போகக் கூடாது?" என்று கேட்கணும். காரணம் கேட்கக் கூடாது. அவர் பெயரை மட்டும் அடிப்பார், அது போதும். அந்தச் சகோதரனின் பெயர் அங்கேயே நீங்கியிருக்கும். அடுத்தது போன். சும்மா பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பணப் பேச்சை எடுப்பது ஏமாற்று. "வாலிபர் ஊழியத்தின் தேவையைப் பற்றியும், நீங்கள் அதில் பங்கெடுக்க முடியுமா என்பதைப் பற்றியும் பேசணும், அரைமணி நேரம் தருவீங்களா?" என்று வெளிப்படையாகச் சொன்னால், விருப்பமில்லாதவர் யார் முன்னாலும் கூசாமல் போனிலேயே மறுத்துவிடலாம். தம்பதியென்றால் இருவரும் இருக்கும்போதே போங்கள். ஒருவர் சம்மதித்து மற்றவருக்குத் தெரியாத உறுதிமொழி நிலைக்காது, வீட்டில் சண்டையும் வரும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களிடம் கேட்காதீர்கள். ஊழியத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் எந்தக் காரணத்துக்காகவும் கேட்காதீர்கள்.

கையெழுத்தான உறுதிமொழியை வரவாக எண்ணி ஊழியரை நியமிப்பவர்களும் உண்டு. உறுதி வேறு, வரவு வேறு. முதல் தவணை கணக்கில் விழுந்த பிறகுதான் அது வருமானம். பல ஊழிய அமைப்புகள் தேவையான முழுத் தொகையும் உறுதியாகும்வரை ஊழியரைக் களத்துக்கு அனுப்பாமல் வைத்திருப்பது இதனால்தான்.

முழங்கால்:

போதகரிடம் பட்டியலைக் காட்டுவது நல்ல யோசனை, ஏற்கிறேன். மௌனமாக உட்காருவதை இன்னும் ஏற்கவில்லை.

திரையோரம்:

ஆதரவு திரட்டும் மாலைக்கூட்டம். ஒரு பையனின் சாட்சி காணொளியாக ஓடியது. பெயரை மாற்றி முகத்தையும் மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் அப்பாவின் குடி, அம்மா வீட்டைவிட்டுப் போனது, அவன் வாசிக்கும் டிரம்ஸ் எல்லாம் அப்படியே இருந்தன. அந்தப் பையன் பின்னால் நின்று நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். முன்வரிசையில் இருந்த வாலிபர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவனைப் பார்த்தார்கள். கையிலிருந்த நாற்காலியை ஓசைப்படாமல் வைத்துவிட்டு வெளியே போனான்.

அன்று உறுதி அட்டைகள் நிறைய நிரம்பின. அதனால்தான் இது திரும்பத் திரும்ப எல்லா இடத்திலும் நடக்கிறது.

பெற்றோர், பிள்ளை இருவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். எந்தப் படம், எங்கே காட்டுவோம், எவ்வளவு காலம், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கணும். பெயரை மாற்றினால் போதும் என்பது தவறு. அவனைத் தெரிந்த ஒருவர் பார்த்தால் கண்டுபிடிப்பாரா என்பதுதான் சோதனை. கண்டுபிடிப்பார் என்றால் அது திரைக்குப் போகக் கூடாது. அதே ஊழியத்தில் வளர்ந்து இன்று பெரியவர்களாகிவிட்ட ஒருவர், தன் கதையைத் தானே எவ்வளவு சொல்லலாம் என்று முடிவு செய்து, தானே பேசட்டும். ரசீதுப்புத்தகம் சொன்ன அந்த ஐந்து பெயர் அட்டையும் எனக்குச் சரியாகப் படவில்லை. "தேர்வை நினைத்துப் பயப்படும் ஒரு மாணவிக்காக" என்று எழுதினாலே ஜெபிக்க முடியும்.

முகாம்பொறுப்பு:

முகாமுக்கு வண்டி ஏறும் இடத்தில் ஒருவர் பட்டியலைப் பார்த்து, "உதவித்தொகையில வர்ற பிள்ளைங்க இந்தப் பக்கம் வாங்க" என்று உரக்கக் கூப்பிட்டார். ஒரு பிள்ளையும் நகரவில்லை. அவ்வளவுதான் என் சம்பவம். பேருந்துப் பட்டியலில் பணம் பற்றிய பத்தியே இருக்கக் கூடாது. கட்டண விவரம் பொருளாளரின் தாளில் மட்டும் இருக்கட்டும்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் முகாம் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வாலிபர் ஊழியங்கள் பள்ளத்தில் விழுவது இங்கேதான். செலவு இரண்டு வகை. எத்தனை பேர் வந்தாலும் மாறாதது: இடத்தின் குறைந்தபட்ச வாடகை, பேருந்து, ஒலி அமைப்பு, பேச்சாளரின் பயணம். தலைக்கு ஏறுவது: சாப்பாடு, பாடப் புத்தகம், காப்பீடு. மாறாத செலவு 60 பங்கு, தலைக்குச் செலவு 2 பங்கு, கட்டணம் 3 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் மிஞ்சுவது 1 பங்கு. ஆக 60 பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது. 45 பேர் வந்தால் 15 பங்கு பற்றாக்குறை. இலவசமாக வரும் தலைவர்கள் ஒவ்வொருவரும் 2 பங்கு செலவு, வரவு பூஜ்யம். 6 தலைவர்கள் என்றால் இன்னும் 12 பங்கு. இதை மறந்துவிட்டுத்தான் "எல்லோரும் கட்டினார்களே, பிறகு எப்படிக் கடன்?" என்று விழிக்கிறார்கள்.

ஆகவே ஆதரவாளர்களிடம் "முகாமுக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "மாறாத செலவில் பேருந்து இவ்வளவு, அதை யாராவது ஏற்க முடியுமா?" என்று கேளுங்கள். மாறாத செலவு அடைபட்டால் கட்டணத்தையே இறக்கலாம், உதவித்தொகை வேண்டும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறையும். முன்பணம் வாங்குங்கள், சிறியதானாலும் சரி. பெயர் மட்டும் கொடுத்தவர்களில் ஒரு பகுதி கடைசி வாரத்தில் நின்றுவிடும், அதற்குள் இடத்துக்கு எண்ணிக்கை சொல்லியாகிவிட்டிருக்கும். திட்டத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்குங்கள். இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வண்டிக்கும் மருந்துக்கும் அதுதான்.

இரண்டுசாவி:

முகாமுக்கென்று குறிப்பிட்டுக் கொடுத்த ஒரு பெரியவர் கூட்ட அறைக்குள் வந்தார். புது ஒலிபெருக்கி இரண்டு நின்றன. "முகாம் எப்போ?" என்றார். இந்த வருஷம் இல்லை என்றார்கள். அவர் ஒலிபெருக்கியின் மேல் கையை வைத்து, "அப்போ இதுதானா?" என்றார். கோபப்படவில்லை. அதற்குப் பிறகு கொடுக்கவும் இல்லை.

குறிப்பிட்டு வந்த காணிக்கை குறிப்பிட்டதற்கே. நடக்காவிட்டால் அவரிடம் போய், திருப்பித் தரவா, வேறு தேவைக்கு மாற்றவா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கணும். ரசீதிலேயே நோக்கத்தை எழுதினால் மறக்காது. ரொக்கத்தை உறவுக்காரரல்லாத இரண்டு பேர் ஒரே மேஜையில் எண்ணி, தாளில் இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த வங்கி நாளில் செலுத்தணும். எண்ணுகிறவரே கணக்கும் எழுதக் கூடாது. தனிநபர் கணக்குக்கு ஒருபோதும் வேண்டாம், "ரெண்டு நாளைக்கு மட்டும்" என்றாலும். பாழான ரசீதைக் கிழித்துப் போடாமல் குறுக்கே கோடிட்டுப் புத்தகத்திலேயே வைக்கணும், வரிசை எண் விடுபட்டால் சந்தேகம் வரும். 2 இராஜாக்கள் 12இல் ஆலயப் பெட்டியில் பணம் மிகுந்தபோது ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்துதான் எண்ணினார்கள். வரிவிலக்கு உண்டு என்று வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள். அது நாட்டுக்கு நாடு மாறும், ஒரு ஊழியரின் பெயரைக் குறித்துக் கொடுப்பதற்குப் பல இடங்களில் நிபந்தனை உண்டு.

ரசீதுப்புத்தகம்:

திரையோரம், பெயர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அந்த அம்மாவுக்கு இப்போது போகும் ஜெபக்கடிதத்தில் பெயர்கள் இல்லை. ஒரே பக்கம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் பத்தியில் போன கடிதத்தில் ஜெபிக்கச் சொன்னது என்ன ஆயிற்று என்பது வரும், பதில் கிடைக்காததும் உட்பட. பிறகு நடந்த ஒரே ஒரு காரியம், மூன்று ஜெபக்குறிப்பு, கடைசி வரியில் இந்த இரண்டு மாத வரவும் செலவும். பணம் கேட்கும் வரி கிடையாது. கேட்பது தனிக் கடிதத்தில், வருஷத்தில் ஒருமுறை. கண் மங்கிவருவதால் எழுத்து பெரிதாக இருக்கணும் என்று சொல்லியிருக்கிறார், 16 புள்ளி அளவில் அச்சிட்டுத் தபாலில் போகிறது.